உப்புக் காற்றில் ஒரு பூந்தோட்டம்

மாலை நான்கு மணிக்கு மேல் எங்கள் வார்டுகளில் அழைப்பு மணி அடிக்கடி ஒலிக்கத் தொடங்கும். மருத்துவர் காலையில் வந்து பார்த்துச் சென்றுவிட்டார், பரிசோதனைகள் முடிந்துவிட்டன, பார்க்க வந்த உறவினர் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டனர். வலி பகலில் இருந்த அளவே இருப்பினும் அது பெருகிவிட்டதாகத் தோன்றுவது அவ்வேளையில்தான். செவிலியர் அனைவரும் இதனை அறிவர்.

இக்கடற்கரையும் இதனை நெடுங்காலமாக அறியும். பழந்தமிழ் இலக்கண நூலோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுதையும் ஓர் உணர்வையும் உரிமையாக்கினர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் குறித்த பொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் வேளை. குறித்த உணர்வு இரங்கல். கடலுக்குள் சென்றவர் கரை சேரும்வரை காத்திருப்போரின் துயரம் அது. அறுவைச் சிகிச்சை அரங்கின் வாயிலில் காத்திருப்போரின் துயரம் அதற்கு அயலானதன்று. அதே நூலோர் அந்நிலத்துக்கு உரியவையாக நெய்தல், புன்னை, தாழை, அடம்பு முதலிய பூக்களையும் சேர்த்தே குறித்தனர் என்பதே இன்றைய பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் தொடக்கம்.

வீட்டில் நான்கைந்து தொட்டிகளில் பூச்செடி வளர்ப்பது நோயாளர்க்கும் உடனிருப்போர்க்கும் என்ன தரும், என்ன தராது, தூத்துக்குடியின் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் அதனை எவ்வாறு செய்வது, யார் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பனவற்றை இங்கே எழுதுகின்றோம்.

முதலில், பூச்செடி மருந்தன்று. இதனைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் எங்கள் கடமை. இருப்பினும் நோயுற்ற உடலுக்கும் கண்ணெதிரே உள்ள பசுமைக்கும் தொடர்பு உண்டு என்பதை மருத்துவ உலகம் நெடுநாளாகக் கவனித்து வந்துள்ளது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட செவிலியர் குறிப்பு நூலில், காய்ச்சலில் கிடந்தோர் ஒரு கொத்து வண்ணப் பூக்களைக் கண்டு அடைந்த மகிழ்ச்சியைத் தாம் நேரில் கண்டதாகக் குறித்துள்ளார். அழகிய பொருள்கள் உள்ளத்தை மட்டுமன்றி உடலையும் தொடுகின்றன என்பது அவரது துணிபு.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்தபின், ரோஜர் உல்ரிக் என்னும் ஆய்வாளர் இதனை அளந்து பார்க்க முற்பட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவரை மட்டுமே காணும் அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டோர் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவரைக் கண்டோர்க்கு 8.70 நாள் ஆயிற்று. முன்னவர்க்கு வீரியமிக்க வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இம்முடிவுகள் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. நாற்பத்தாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வேறுபாடும் ஒரு நாளுக்குக் குறைவே. ஆகவே இதனைக்கொண்டு பெரிய வாக்குறுதி எதுவும் தர நாங்கள் விரும்பவில்லை. ஆயினும் வலிமருந்தின் அளவு குறைந்தது என்ற செய்தியை, வலியோடு இரவைக் கழித்தவர் எவரும் எளிதாகத் தள்ளிவிடமாட்டார்.

எங்கள் பதிவேட்டில் எண்ணாக ஏறாத ஒன்றையும் கூற விரும்புகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவர் எங்களிடம் சேர்க்கப்பட்டார். முப்பது வயதைக் கடந்தவர். பெயரைக் கூறாது விடுகின்றோம். இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகின்றது. முன்னோர் மூச்சை அடக்கி மூழ்கினர். இன்று படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய்வழி காற்றைப் பெற்று நெடுநேரம் அடியில் இருக்கின்றனர். ஆழத்தில் அழுத்தத்தின்கீழ் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலெழும்போது குமிழ்களாகப் பிரிகின்றது. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவது போன்றது அது. அக்குமிழ்கள் தண்டுவடத்தைத் தாக்கின் கால்கள் செயலிழக்கும். அவருக்கு நேர்ந்தது அதுவே.

அவருடைய கட்டில் கடலை நோக்கிய சன்னலருகே இருந்தது. நல்ல இடம் கொடுத்ததாகவே நாங்கள் எண்ணினோம். மூன்றாம் நாள் அவர், "சன்னலைச் சாத்திருங்க சிஸ்டர். அதப் பாக்க முடியல" என்றார். சன்னல் சாத்தப்பட்டது. மாதக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சை நடந்தது. சக்கர நாற்காலியில் அவர் வீடு திரும்பினார். வீட்டிலும் கடற்புறச் சன்னல் அடைத்தே கிடந்தது, அறை இருண்டது, அவர் உண்பதும் குறைந்தது. அவருடைய தாயார் யாருடைய அறிவுரையும் இன்றி ஒரு செயல் செய்தார். சன்னலுக்கு வெளியே இரண்டு பழைய பெயிண்ட் வாளிகளில் சங்குப்பூ விதையை ஊன்றி, கம்பியில் கயிறு கட்டிக் கொடியை ஏற்றினார். கொடி படர்ந்து கடலை மறைத்தது. அதன்பின் சன்னலைத் திறக்க மகன் மறுக்கவில்லை.

இல்லம் சென்று பார்க்கும் எங்கள் செவிலியர் அடுத்தமுறை போனபோது, அன்று எத்தனை பூ என்று அவரே எண்ணிச் சொன்னார். பின்னர் நீர் ஊற்றும் பொறுப்பு அவருடையதாயிற்று. வாளியை எட்டுவதற்காகவே இயன்முறை மருத்துவர் பல வாரங்களாகக் கெஞ்சியும் செய்யாத கைப்பயிற்சியை அவர் செய்யத் தொடங்கினார். கால்கள் திரும்பவில்லை. இதனை மறைத்து எழுத எங்களுக்கு மனமில்லை. ஆனால் படுக்கைப் புண் ஆறியது, உடல் எடை கூடியது, அவ்வீட்டில் பகலில் வெளிச்சம் இருந்தது.

இனி, எவ்வாறு செய்வது என்பதைப் பார்ப்போம்.

தூத்துக்குடியில் தோட்டம் என்றவுடன் எவரும் சொல்லும் மறுமொழி, "இங்கே உப்புத்தண்ணி, ஒன்றும் வராது" என்பதே. பாதி உண்மை. உப்பளங்கள் சூழ்ந்த இவ்வூரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. ஆண்டு மழையும் ஏறத்தாழ 65 சென்டிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாகச் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். ஆயினும் குழாயில் வரும் தாமிரபரணி நீர் நல்ல நீர். நான்கு தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று குவளை போதும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அதற்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். உப்பிட்டு ஊறவைத்த நீர் மட்டும் கூடாது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுவோர் பலர். அதில் உப்பு செறிந்திருக்கும். அதனைத் தரை கழுவப் பயன்படுத்துக, செடிக்கு வேண்டா.

தொட்டி மண்ணின் விளிம்பில் வெள்ளைப் படலம் தோன்றினால் அது உப்புப் பூத்தது என்று அறிக. (உப்பும் பூக்கும் என்று சொல்லும் வழக்கு உப்பளத்து மக்களுக்கு வியப்பன்று.) அப்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் தாராளமாக வழிந்தோடுமாறு இரண்டு மூன்று முறை நல்ல நீரை ஊற்றினால் உப்புக் கரைந்து வெளியேறும். அடித்துளை இல்லாத தொட்டியில் எச்செடியும் நிலைக்காது. தென்னை நார்க்கழிவு வாங்கிக் கலப்பவர்கள் முதலில் அதனை இரண்டு முறை நீரில் அலசிப் பிழிந்துகொள்க. அதிலும் உப்பு உண்டு.

எச்செடியைத் தேர்வது? ரோஜா உவர்நீரை ஏற்காது. தொடக்கத்திலேயே அதனை வாங்கி, அது கருகக் கண்டு மனம் தளர்ந்தவர் பலர். நோயுற்ற நாளில் வாடும் செடியைக் காண்பது சிலருக்கு நல்லதன்று. ஆகவே எளிதில் தோற்காதவற்றையே முதலில் நாடுக. நித்தியகல்யாணி, காகிதப்பூ, பத்துமணிப்பூ, கள்ளிமந்தாரை ஆகியவை உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்குவன. சங்குப்பூ விதையிலிருந்து இரண்டு மாத அளவில் பூத்துவிடும்; காத்திருக்கும் பொறுமை குறைந்த வேளையில் இது பெரிய உதவி. பத்துமணிப்பூவுக்கு விதையும் வேண்டா. அண்டைவீட்டாரிடம் ஒரு தண்டைக் கிள்ளி வந்து ஊன்றினால் போதும்.

எங்கள் விருப்பத்தைக் கேட்டால், மாலையில் பூப்பவற்றுள் ஒன்றேனும் இருக்கவேண்டும் என்போம். அந்திமந்தாரை நான்கு மணியளவில் இதழ் விரிக்கும். மல்லிகை மொட்டு பொழுது சாயச்சாய அவிழும். அழைப்பு மணி அதிகம் ஒலிக்கும் அந்த எற்பாட்டு வேளையில்தான் இவை பூக்கின்றன. அவ்வேளையைக் கண்டு அஞ்சுபவர்க்கு அப்போது எதிர்பார்க்க ஏதேனும் ஒன்று இருப்பது சிறிய செய்தியன்று. இன்று மொட்டு எத்தனை, எது முதலில் அவிழும் என்று பார்க்கும் அரைமணி நேரத்தில், வலி மறையாவிடினும் அதன்மேல் வைத்த கண் சற்று விலகும்.

மல்லிகை இக்கடற்கரைக்கு ஒவ்வாது என்பாரும் உளர். மன்னார் வளைகுடாவின் மறுமுனையில், இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகை நாற்றுகள் பதியம் போட்டு வளர்க்கப்பட்டுப் பல ஊர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை அறியாதார் இல்லை. மல்லிகை நாற்றுக்குக் கடலோரத் தீவொன்று பெயர்பெற்றிருப்பதை அறிந்தோர் சிலரே. மணல் அதற்குப் பகையன்று. தேங்கும் நீரும் மிகுந்த உப்புமே பகை. குண்டுமல்லியைக் கார்த்திகை இறுதியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளைக் குறுக வெட்டி, இலையை உருவிவிடவேண்டும். மாசி, பங்குனியில் புதுத்துளிரிலிருந்து மொட்டு வரும். வெட்டத் தயங்குவோர் வீட்டில் கொடி பசுமையாக நீண்டுகொண்டே போகும், பூ குறைந்துகொண்டே போகும். பிச்சியும் முல்லையும் விரும்புவோர்க்கும் இடம் உண்டு. அவற்றுக்குக் கொடிப்பந்தல் வேண்டும். ஐயமிருப்பின், மாவட்டத்திலேயே வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி உள்ளது, அங்குள்ளோரிடம் கேட்டறியலாம்.

அடுத்து எச்சரிக்கைகள். இப்பகுதியை அவசரமாகப் புரட்டிவிடவேண்டா என்று கேட்டுக்கொள்கின்றோம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், வெள்ளணுக்கள் குறைந்தோர் ஆகியோர் மண்ணைக் கிளறுதலும் தொட்டி மாற்றுதலும் கூடாது. மண்ணிலும் மக்கிய எருவிலும் வாழும் பூஞ்சைகள் நலமுள்ளவரை ஒன்றும் செய்யா. எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலில் அவை பற்றிக்கொள்ளும். இவர்கள் செடியைத் தொலைவிலிருந்து காண்க. மண்வேலையை வீட்டார் பார்க்கட்டும். பூச்சாடியில் தேங்கிய நீரிலும் கிருமி பெருகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூங்கொத்தை நாங்கள் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவது இதனால்தான். அது அன்பை மறுப்பதன்று.

சர்க்கரை நோயாளர் வெறுங்காலுடன் தோட்டத்தில் நிற்கவே கூடாது. முள் குத்தியதும் உணராத பாதம் அது. மேலும் மழைக்கால ஈரமண்ணில் வாழும் ஒருவகைக் கிருமி, தோல் வெடிப்பின் வழியே உட்புகுந்து மீலியோய்டோசிஸ் என்னும் கடுங்காய்ச்சலை உண்டாக்கும். அதற்கு எளிதில் இலக்காவோர் சர்க்கரை நோயாளரே. கையுறையும் காலணியும் அணிக. வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை பார்க்க. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று நினைவில்லையெனில் அடுத்த வருகையில் எங்களிடம் கேளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்டுலா உள்ள கையால் தொட்டியோ நீர் நிரம்பிய வாளியோ தூக்கலாகாது. நெஞ்சிலும் வயிற்றிலும் அறுவை செய்துகொண்டோர் மருத்துவர் குறித்த காலம்வரை எதனையும் தூக்கவேண்டா. ஆஸ்துமா உள்ளவரின் கட்டிலருகே மணம் மிகுந்த மலரை வைக்கவேண்டா.

தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். அம்முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நார் கொண்டு தேய்த்துக் கழுவவேண்டும். நோயாளர் உள்ள வீட்டில் டெங்குவும் நுழைவதைக் காட்டிலும் தோட்டமே இல்லாதிருப்பது நன்று என்றுகூடச் சொல்வோம்.

நித்தியகல்யாணியைப் பற்றித் தனியே ஒரு சொல். இச்செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. 1950-களின் இறுதியில் தொடங்கிய அந்த வேலை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பலரின் உயிரைக் காத்துள்ளது. இதனை எங்கோ கேட்டறிந்து, இலையைக் காய்ச்சிக் குடிப்போர் இன்றும் உள்ளனர். பெருமளவு இலையிலிருந்து மிகச் சிறிதளவே மருந்து கிடைக்கும். அதனையும் எடையறிந்து, இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தே செலுத்துகின்றோம். வீட்டுக் கஷாயத்தில் எது எவ்வளவு உள்ளது என்று எவராலும் கூறவியலாது. வெள்ளணுக்கள் சரியலாம்; நரம்பு பாதிக்கப்படலாம். பூவைப் பாருங்கள், இலையைக் குடியாதீர்கள்.

அரளியும் இக்கடற்கரையில் தழைத்து வளரும். ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை இதயத்துடிப்பையே நிறுத்தவல்லது. சிறுகுழந்தைகள் உள்ள வீட்டிலும், நெடுநோயால் மனமுடைந்தவர் உள்ள வீட்டிலும் அதனை நடவேண்டா. அத்தகைய மனநிலை எவரிடமேனும் தென்பட்டால் செடியை அகற்றுவதோடு நில்லாது, எங்களிடம் தயங்காமல் வந்து சொல்லுங்கள்.

உடனிருப்போர்க்கும் ஒரு செய்தி. நோயாளரின் மாத்திரை வேளையை அறிந்து வைத்திருக்கும் தங்களுக்குத் தாங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்து காப்பி குடித்தோம் என்பது நினைவிராது. காலை ஏழு மணிக்குமுன் வெயிலேறாத வேளையில் செடிக்கு நீர் ஊற்றும் பத்து நிமிடம் தங்களுடையதாகட்டும். அந்நேரத்தில் கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும். நோயாளரைத் தனியே விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு வரும். அவர் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத் தனிமையைத் தாமும் விரும்புவார் என்பது எங்கள் அனுபவம். நோயாளர் மறைந்தபின் அவர் வளர்த்த செடியை என்ன செய்வது என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. சிலர் நீர் ஊற்றி வருகின்றனர். சிலர் பார்க்கப் பொறாமல் பிறருக்குக் கொடுத்துவிட்டனர். இரண்டில் எதுவும் தவறன்று.

சங்கு குளித்தவரைப் பற்றிய செய்தி இன்னும் சிறிது உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையை இவ்வூரில் மறந்தோர் இரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டு மழையைவிட அதிகம். அவருடைய தெருவிலும் வெள்ளம் புகுந்தது. அவரைக் கட்டிலோடு தூக்கி மாடிவீட்டில் சேர்த்தனர். திரும்பி வந்தபோது வாளிகள் இல்லை; கொடி இல்லை; சன்னல் வழியே கடல் மீண்டும் தெரிந்தது. அவர் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகத் தாயார் கூறினார். ஒன்றும் பேசவில்லையாம்.

முற்றிய காய்களை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அது நனையவில்லை. தைப் பிறப்புக்குப்பின் மீண்டும் ஊன்றினார். இம்முறை கொடியைச் சன்னலின் ஒருபக்கத்தில் மட்டும் ஏற்றியுள்ளார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஊன்றியது போக எஞ்சிய விதைகளை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். அவை சிறு காகிதப் பொட்டலங்களாக வெளிநோயாளர் பதிவு மேசையில் உள்ளன. கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்றுக. ஒரு பொட்டலத்தில் ஆறு விதை இருக்கும்.